சோபாவின் அடியில் தைத்திருந்த துணித்துண்டு

ஹட்டனுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்து வீட்டின் இஸ்தோப்பில் ஒரு பழைய சோபா கிடக்கிறது. அமெரிக்காவில் இருந்து திரும்பி வந்த குடும்பமொன்று வேண்டாமென்று ஒதுக்கியதை, கொழும்பில் அவர்கள் வீட்டில் வேலை செய்த என் சித்தி லொறியில் ஏற்றி அனுப்பினார். சென்ற மாதம் அதைக் கவிழ்த்துத் தூசி தட்டியபோது, அடியில் தைத்திருந்த வெள்ளைத் துணித்துண்டில், கலிபோர்னியாவின் 117ஆம் இலக்கத் தீத்தடுப்பு விதிக்கு இது அமைவானது என ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. கிழிசலில் தெரிந்த ஸ்பொஞ்ச் விரல் பட்டதும் ரஸ்க் தூளைப் போல உதிர்ந்தது. பக்கத்தில் என் தங்கையின் எட்டு மாதக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தாள்.

1975இல் வந்த அந்த விதிப்படி, ஸ்பொஞ்ச் சிறு சுடரை 12 விநாடிகள் தாங்க வேண்டும். அதற்காக உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகள் பிபிடிஈ எனப்படும் புரோமின் சேர்மங்களைக் கலந்தார்கள். இவை ஸ்பொஞ்சோடு இரசாயனப் பிணைப்பு இல்லாமல் வெறுமனே கலந்திருப்பதால், மெல்ல மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் படிகின்றன. தவழும் குழந்தை அந்தத் தூசியில் கையை வைத்து, அதே கையை வாயில் வைக்கிறது.

தைரொயிட் சுரப்பி சுரக்கும் தைரொக்சின் என்ற ஹோர்மோனில் அயடீன் இருக்கும் இடங்களில் இந்தச் சேர்மங்களில் புரோமின் இருக்கிறது. மற்றபடி, ஒட்சிசன் பாலத்தால் இணைந்த இரு வளையங்கள் என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. இச்சேர்மங்களை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் தைரொக்சின் குறைந்தது. மனிதரில் ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை என்றாலும், கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைரொக்சினையே நம்பியிருப்பதால், கர்ப்பிணிகள் விடயத்தில் அலட்சியம் தகாது.

என் அம்மா பன்னிரண்டு ஆண்டுகளாக வெறும் வயிற்றில் தைரொக்சின் மாத்திரை போடுகிறார். சோபா வந்து மூன்றே ஆண்டுகள் ஆவதால் பழியை அதன்மேல் போட நான் முனையவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். ஆனால் தைரொயிட் என்றாலே கோவா சாப்பிடாதே, உப்பைக் கவனி என்று எங்கள் சமையலறையை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றும் அறிவுரை எனக்குச் சலித்துவிட்டது. வீட்டுத் தூசியைப் பற்றி அவரிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ வரிசை முழுவதையும் தின்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். தீத்தடுப்பு வேண்டாமென்று சொல்ல மாட்டோம். எங்களுக்குத் தேவை ஒழுங்கான வயரிங்கும் தனி வீடுகளும். ஸ்பொஞ்சில் கலந்த நஞ்சு பலகைத் தடுப்பையும் கூரையையும் காப்பாற்றாது. கலிபோர்னியாவே 2013இல் அந்தச் சுடர்ச் சோதனையைக் கைவிட்டது. 2009இல், நீண்டகாலம் அழியாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை பிபிடிஈ சேர்மங்களுள் முக்கியமானவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தபோதும், அவை கலந்த பழைய பொருட்களை மீள்சுழற்சி செய்ய 2030 வரை விலக்கு வைத்தது. பணக்காரர் கைவிட்டது கடைசியில் எங்கள் இஸ்தோப்புக்கு வந்து சேர்வதற்கு வேறு வழி எதற்கு?

இப்போது ஈரத்துணியால் துடைக்கிறோம், உண்ணுமுன் கை கழுவுகிறோம். எரித்தால் டயொக்சின் போன்ற நச்சுகள் வெளியாகும் என்பதால் சோபாவைக் கொளுத்தவும் முடியாது. குப்பை எடுப்பவர்களோ அதை ஏற்றமாட்டோம் என்கிறார்கள். கிழிசலைத் தடித்த துணி வைத்துத் தைத்து, குழந்தையின் பாயை உள்வீட்டுக்கு மாற்றியிருக்கிறோம். சித்தியிடம் இதை எப்படிச் சொல்வதென்று அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.