தொப்பையும் கண்தானாம்!

பெங்களூரு லால்பாக்கில் ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி. கண்ணாடி மாளிகைக்குள் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். டேலியாவைக் கீழிருந்து எடுக்கலாமென்று திரையைச் சாய்த்து, கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால், பட்டென்று திரை இருட்டு! கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் ஒரு சென்சார்; கண் நெருங்கினால் திரையை அணைத்துப் படத்தை வியூஃபைண்டருக்கு மாற்றிவிடும். அதற்கு என் தொப்பையும் கண்தானாம். கட்டைவிரல் நெருங்கினால் கண். கழுத்துப் பட்டை ஆடினால் கண். எனக்கென்ன இந்திரன் மாதிரி உடம்பெல்லாம் கண்ணா?

சரி, நிஜக் கண்ணை வைத்தால்? ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் படம் காட்டுகிறது. அதற்குள் தேன்சிட்டு ஜெயநகர் போய்ச் சேர்ந்திருக்கும். அப்புறம் இந்த மூக்கு வேறு. தொடுதிரையில் உரசியதும் ஃபோகஸ் புள்ளி மூலைக்கு ஓடிவிடுகிறது.

“அந்த சென்சாரை மெனுவில் ஆஃப் பண்ணிடுங்க மாமா” என்கிறான் மருமகன். பண்ணினேனே! இப்போது திரைக்கும் வியூஃபைண்டருக்கும் மாற ஒவ்வொரு தடவையும் பட்டனைத் தேடுகிறேன்.