எந்த எதிர்ப்பொருள் என்று பார்க்க வேண்டும்

டைபாய்டு தடுப்பூசி போட்டவர்கள் இரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இருந்தாலே ஊசி காப்பாற்றுகிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. இப்போதைய கூட்டுத் தடுப்பூசியில் இருப்பது, ஒரு புரதத்தோடு இணைத்த, கிருமியின் மேலுறையிலுள்ள விஐ என்ற சர்க்கரை. ஊசி போட்டதும் அதற்கான எதிர்ப்பொருள் மளமளவென ஏறும், பிறகு இறங்கும். ஆனால் மலாவியில் நடந்த ஆய்வில் நான்கு ஆண்டுகள் தாண்டியும் குழந்தைகளுக்குச் சுமார் 78% பாதுகாப்பு இருந்தது. எதிர்ப்பொருள் இவ்வளவு இருந்தால் போதும் என்ற வரம்பு எதுவும் முடிவாகவில்லை.

கிருமி உடம்புக்குள் வந்துபோனதா என்று அறிய கிருமியின் ஹெச்எல்ஒய்இ என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை அளக்கிறார்கள். அந்தப் புரதம் ஊசியில் கிடையாது, அதனால் ஊசி போட்டவர்களிடமும் தொற்றைக் கண்டுகொள்ளலாம். டைபாய்டு போன்ற இன்னொரு காய்ச்சலான பாராடைபாய்டு ஏ வந்தாலும் இது ஏறும் என்பது ஒரு குறை. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் காயவைத்தாலே போதும். வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், கானாவில் எத்தனை பேருக்குத் தொற்று வருகிறது என்று இப்படிக் கணக்கிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் இரத்த வளர்ப்புச் சோதனையில் தெரிந்ததைவிடத் தொற்று பல மடங்கு அதிகம். லேசான காய்ச்சலுக்கு யார் இரத்தம் கொடுக்கப் போகிறார்கள்? ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டு வந்தால் கிருமி வளர்வதும் கடினம்.

இந்தக் கணக்கு ஊருக்கானது, தனி நோயாளிக்கானது அல்ல. எதிர்ப்பொருளைப் பார்க்கும் பழைய இரத்தச் சோதனையான வைடாலை ஒரே ஒரு முறை செய்து, அதை வைத்து டைபாய்டு என்று மருந்து எழுதும் வழக்கத்துக்கு இதை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.