எம்ஜிபிக்கு ஜப்பான் எஞ்சின் போடப்போகிறீர்களா?

கொழும்பில் எம்ஜிபி என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கூடினால் கடைசியில் பேச்சு இதில்தான் வந்து நிற்கும்: "இந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு ஜப்பான் எஞ்சினை இறக்கினால் என்ன?" தாராளமாக இறக்கலாம். எம்ஜி கம்பனியே 1973 முதல் 1976 வரை 3,528 சிசி ரோவர் வி8 எஞ்சின் போட்ட எம்ஜிபியை விற்றது. புனிதம் கெட்டுவிடும் என்று அழுகிற கட்சியில் நான் இல்லை.

ஆனால் காலி வீதி நெரிசலில் சூடேறுகிறது என்பதற்காக மாற்றாதீர்கள். 1,798 சிசி பழைய எஞ்சின் கொதித்தால் அநேகமாகக் குற்றவாளி அடைத்துப்போன ரேடியேட்டர், பிளொக்குக்குள் படிந்த துருச்சேறு, பிந்திப்போன இக்னிஷன் டைமிங். அதே ரேடியேட்டரை வைத்தால் புது எஞ்சினும் கொதிக்கும். அதிவேகப் பாதையில் இரைச்சல் தாங்கவில்லை என்பதும் காரணம் ஆகாது. ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத வண்டியின் எஞ்சின் 100 கிலோமீற்றர் வேகத்தில் நாலாம் கியரில் நிமிடத்துக்குச் சுமார் 3,450 சுற்று ஓடும். 0.81 விகிதத்தில் ஐந்தாம் கியர் இருந்தால் அது 2,800 ஆகிவிடும். அந்த நோய்க்கு மருந்து ஐந்து கியர் பெட்டி. எஞ்சின் அப்படியே இருக்கட்டும்.

பிளொக் வெடித்துவிட்டது, அல்லது 95 குதிரைவலு போதவில்லை என்றால் மட்டும் மேற்கொண்டு வாசியுங்கள்.

பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று கொரோலா எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது முன்சில்லு ஓட்டத்துக்காகக் குறுக்கே படுத்த எஞ்சின். நீளவாக்கில் திருப்பினால் கியர்பொக்ஸ், சம்ப், தண்ணீர்க் குழாய் எல்லாம் மாறவேண்டும். 20 வால்வு 4ஏ-ஜிஈ எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்பக்கம் இருப்பதால் நேரே ஃபயர்வோலில், அதாவது எஞ்சினுக்கும் உள்ளிருக்கைப் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில், போய் இடிக்கும். பின்சில்லு வண்டியின் எஞ்சினாகத் தேடுங்கள். என் தெரிவு மஸ்டா ரோட்ஸ்டரின் 1.6 அல்லது 1.8, அதுவும் ஹாஃப் கட்டாக (வெட்டியெடுத்த முன்பாதி வண்டியாக): கியர்பொக்ஸ், முழு வயர் செட், ஈசியூ என்கிற எஞ்சின் கம்பியூட்டர், ஏர்ஃப்ளோ மீற்றர், அக்ஸலரேட்டர் கேபிள் உட்பட. வயரை வெட்டித் தருகிறேன் என்கிற கடையில் எஞ்சின் இனாமாகக் கிடைத்தாலும் நட்டம்தான்.

1.6 என்றால் கிராங்க் புலியை, அதாவது எஞ்சினின் முன்னாலுள்ள பெல்ட் சக்கரத்தை, குனிந்து பாருங்கள். அதில் நாலு பிளவு இருந்தால் ஆரம்பகாலக் குட்டை மூக்குக் கிராங்க். சாவித்தடம் தேய்ந்து புலி ஆட்டம் காணும், டைமிங் குழம்பும். எட்டுப் பிளவு உள்ளதை வாங்குங்கள்.

இந்த எஞ்சினில் இன்னொரு சங்கதி. ரோட்ஸ்டருக்காக நீளவாக்கில் திருப்பியபோது தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் முன்பக்கமாகவே அமைந்துவிட்டது. அதனால் நாலாவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடு. தண்ணீர் வெளிவாயை ஹெட்டின் பின்பக்கத்துக்கு மாற்றுவதை எஞ்சின் வெளியே இருக்கும்போதே முடியுங்கள். டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், பின் மெயின் சீல் மூன்றும் அதே நேரத்தில்.

மெக்கானிக் பாஸ்மார் கடைசியில் திகைத்து நிற்கும் இடம் கியர்பொக்ஸ் மவுண்ட். ரோட்ஸ்டரின் கியர்பொக்ஸைப் பின்னால் தாங்குவது குறுக்குச் சட்டம் அல்ல, டிஃபரன்ஷல் வரை போகிற நீண்ட அலுமினியச் சட்டம். அந்தச் சட்டம் பிடிக்கும் முகத்தில் போல்ட் போட்டுப் புது பிராக்கெட் செய்யவேண்டும். கியர்பொக்ஸின் பின் தண்டும் டிஃபரன்ஷலின் முன் தண்டும் சமாந்தரமாக நிற்கிறதா என்று கோணமானி வைத்துப் பார்த்த பிறகே முழு வெல்டிங். ஒரு பாகைக்கு மேல் விலகினால் ஓடும்போது அதிர்வு வரும். பிறகு புரொப்ஷாப்டை எத்தனை தடவை பாலன்ஸ் செய்தாலும் போகாது.

பழைய எஞ்சினில் கார்பரேட்டரும் எக்ஸோஸ்டும் இரண்டுமே இடப்பக்கம். வலப்பக்கம் ஸ்டியரிங் தண்டுக்குத் தாராள இடம். புது எஞ்சினில் இரு பக்கமும் மெனிபோல்ட் இருப்பதால் அந்த இடுக்கை எஞ்சின் வாங்க முன்பே அளந்துவிடுங்கள். எஞ்சின் ரப்பரில் ஆடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பெற்றோல் பக்கம் சோம்பல் காட்டினால் தீப்பிடிக்கும். வண்டியின் பழைய எஸ்யூ பெற்றோல் பம்ப் தருவது சுமார் 3 பிஎஸ்ஐ அழுத்தம். இன்ஜெக்ஷனுக்கு வேண்டியது 40 அல்லது அதற்கு மேல். சாதாரண ஹோஸும் பட்டிக் கிளிப்பும் அந்த அழுத்தத்துக்கு ஆகாது. 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ், இன்ஜெக்ஷன் கிளிப், டேங்குக்குத் திரும்பும் தனிக் குழாய் வேண்டும். டேங்கின் துருவைக் கழுவாமல் விட்டால் இன்ஜெக்டர் அடைபடும்.

1967 பிற்பகுதிக்கு முந்திய வண்டி என்றால் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். மாற்றாமல் ஈசியூவைக் கொடுத்தால் போனதுதான். பழைய ஆர்பிஎம் மீற்றரையும் மாற்றவேண்டிவரும்.

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டும் சுங்கப் பத்திரப் பிரதியும் தராத கடையில் வாங்காதீர்கள். வேலை தொடங்க முன்பே நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

கழற்றிய எஞ்சினை இரும்புக் கடைக்குப் போடவேண்டாம். பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி, துளைகளை மூடி வையுங்கள். வண்டியை விற்கப்போனால் வாங்குகிறவர் முதலில் கேட்பது, "ஒரிஜினல் எஞ்சின் இருக்கா?" என்றுதான்.