பாதி என்பது எங்கே நின்று அளந்த பாதி?

"நிலக்கரியை விட்டுவிட்டு எரிவாயுவுக்கு மாறினால் மாசு பாதியாகக் குறைந்துவிடும்." இதை யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். எங்கே நின்று அளந்த பாதி?

புகைபோக்கியின் வாயில் நின்று அளந்தால் சரிதான். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கை தரும் நடு மதிப்புகளைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி நிலையம் நேரடியாக வெளியிடுவது 760 கிராம் கார்பன் டை ஆக்சைடு. நவீன எரிவாயு நிலையம் வெளியிடுவது 370 கிராம். அதே அறிக்கையில், எரிபொருளைத் தோண்டி எடுப்பது முதல் நிலையத்தைக் கட்டுவது வரை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும்போது நிலக்கரி 820 ஆகிறது, எரிவாயு 490 ஆகிறது. பாதி என்றது நிலக்கரியில் அறுபது சதவீதம் என்று வந்து நிற்கிறது. எரிவாயுவின் மேல் ஏறிய சுமையில் பெரும்பகுதி, 91 கிராம், மீத்தேனால் வந்தது.

இயற்கை எரிவாயு என்பதே பெரும்பாலும் மீத்தேன்தான். எரிந்தால் கார்பன் டை ஆக்சைடாகிறது. கிணற்றிலோ வால்விலோ கம்ப்ரஸரிலோ கசிந்தால் மீத்தேனாகவே காற்றில் கலக்கிறது. அது சுமார் 12 ஆண்டுகளே தங்கும். ஆனால் தங்கும் வரை கடுமையாகச் சூடேற்றும். எடைக்கு எடை பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல 100 ஆண்டுக் கணக்கில், அதாவது 100 ஆண்டுகளில் ஏற்றும் சூட்டைக் கூட்டிப் பார்த்தால், ஏறத்தாழ 30 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 82 மடங்குக்கும் மேல்.

நீங்களே போட்டுப் பாருங்கள். கிணற்றிலிருந்து 100 கிலோ மீத்தேன் புறப்படுகிறது, வழியில் 3 கிலோ கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 97 கிலோ எரிந்தால் கிட்டத்தட்ட 267 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கசிந்த அந்த 3 கிலோ மட்டும் 20 ஆண்டுக் கணக்கில் 247 கிலோவுக்குச் சமம்! 100 ஆண்டுக் கணக்கில் அதே கசிவு 89 கிலோதான். வாயு ஒன்றே, கசிவும் ஒன்றே. எந்தக் காலத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதில் விடை மாறிவிடுகிறது. மேலே சொன்ன 490 கூட 100 ஆண்டுக் கணக்குதான். இன்று கட்டும் நிலையம் அடுத்த 20 ஆண்டும் ஓடப்போகிறது என்னும்போது, 100 ஆண்டு எண்ணை மட்டும் காட்டுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

அடுத்த சிக்கல், கசிவு எவ்வளவு என்பதே. இத்தனை வால்வு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பெருக்கித்தான் அரசுக் கணக்குகள் பெரும்பாலும் போடப்பட்டன. அமெரிக்காவில் விமானத்திலும் தரையிலும் எடுத்த அளவீடுகளை வைத்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, எடுக்கப்படும் எரிவாயுவில் 2.3 சதவீதம் கசிகிறது என்று கண்டது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கைவிட இது 60 சதவீதம் அதிகம். மூடாமல் விட்ட தொட்டி, அணைந்துபோன எரிகொம்பு (மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் குழாய்) போன்ற கோளாறுகள் வாய்ப்பாட்டுக்குள் வராது. 2015 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடிச் சேமிப்புக் கிணறு ஒன்று உடைந்து, அடைப்பதற்குள் சுமார் 97,000 டன் மீத்தேன் வெளியேறியது. எந்த மின்நிலையத்தின் புகைபோக்கியும் இதைக் காட்டியிருக்காது.

இதை நிலக்கரிக்கு நற்சான்றிதழாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுரங்கங்களிலிருந்தும் மீத்தேன் வருகிறது, கைவிட்ட பிறகும் வருகிறது. காற்றாலையின் எஃகையும் சூரியத் தகட்டின் சிலிக்கானையும் சேர்த்து இதே முறையில் அளந்தால், அதே அறிக்கையில் நிலக்காற்றாலை 11 கிராம், பெரிய சூரிய நிலையம் 48 கிராம். முழுக்கணக்கு போட்டால் இவையும் மாசுதானே என்று வாதிடுவோர் இந்த எண்களை 490-க்கும் 820-க்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இப்போது புதிய வாக்குறுதி ஒன்று வருகிறது. புகைபோக்கியிலேயே கார்பனைப் பிடித்துப் பூமிக்குள் புதைத்துவிடுவோம் என்கிறார்கள். 90 சதவீதம் பிடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். நம் கணக்கின் 267 கிலோ 27 ஆகிவிடும். கிணற்றுப் பக்கம் கசிந்த 247 அப்படியே இருக்கும். பிடிக்கும் கருவியை ஓட்டவும் ஆற்றல் வேண்டும், அதே யூனிட்டுக்கு இன்னும் கொஞ்சம் எரிவாயு எடுக்க வேண்டும். எடுப்பது கூடினால் அந்தக் கசிவும் கூடும்.