ஷூவ பாத்து சிரிச்சவங்களுக்கு

ஞாயித்துக்கிழமை மண்டபத்துல என்ன நடந்துச்சுன்னு இங்க பாதி பேருக்கு தெரியும், வீடியோவும் பாத்துட்டீங்க. ஸ்னீக்கர், அதாவது ஸ்போர்ட்ஸ் ஷூ, சேக்கறதும் ஒரு கல்ச்சர்னு நான் மைக்ல சொன்னதுக்கு, "செருப்பு சேக்கறதெல்லாம் இன்னா கல்ச்சர் தம்பி, ஸ்டாம்ப் சேக்கற மாதிரி அது ஒரு ஹாபி"ன்னு மேடையில இருந்த பெரியவர் சொன்னாரு. அவரு சொன்னது கூட பரவால்ல, அதுக்கு மொத்த மண்டபமும் கை தட்டி சிரிச்சுது பாருங்க, அது தான் ரெண்டு நாளா தூங்க விடல. வயசுல பெரியவர்னு அன்னிக்கு மைக்க குடுத்துட்டு உக்காந்துட்டேன். இப்ப சொல்றேன். ஸ்னீக்கர் சேக்கறது கல்ச்சர் தான்.

ஹாபின்னா நான் ஒருத்தன் என் ரூம்ல உக்காந்து பண்றது, நான் விட்டுட்டா அதோட முடிஞ்சுது. இது அப்படியா? 1985ல பாஸ்கெட்பால் வீரர் மைக்கேல் ஜோர்டன் பேர்ல நைக் கம்பெனியோட ஜோர்டன் 1 ஷூ வந்த சமயத்துல, கருப்பு சிவப்பு ஷூ போட்டு ஆடக்கூடாதுன்னு அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏ சொல்ல, அந்த தடையவே நைக் விளம்பரமாக்கி வித்துச்சு, அந்த கதைய 40 வருஷம் கழிச்சு காட்பாடில ஒரு பையன் இன்னொரு பையனுக்கு சொல்லிக்கினு இருக்கான். லேஸ் கட்டாம அடிடாஸ் போடற கறுப்பின பசங்கள ரவுடின்னு பேசின காலத்துல, ரன் டிஎம்சின்ற ராப் குழு அந்த ஷூ மேலயே பாட்டு கட்டினாங்க. 1986ல நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில நின்னு ஷூவ தூக்கி காட்டுங்கன்னு சொன்னதும் கூட்டம் மொத்தமும் கழட்டி தூக்குச்சு. அது பொழுதுபோக்கா? நைக்ல ஷூ டிசைன் பண்ண டிங்கர் ஹாட்ஃபீல்டு படிச்சது ஆர்க்கிடெக்சர். பாரிஸ்ல பாம்பிடு சென்டர் பில்டிங்ல பைப்பெல்லாம் வெளிய தெரியற மாதிரி கட்டியிருக்கறத பாத்துட்டு வந்து தான் 1987ல ஏர் மேக்ஸ் 1 ஷூவோட சோல்ல, உள்ள இருக்கற காத்துப்பை வெளிய தெரியற மாதிரி ஜன்னல் வச்சாரு. 2015ல புரூக்ளின் மியூசியத்துல ஸ்னீக்கர் கல்ச்சருக்குன்னே கண்காட்சி நடந்துச்சு. அவங்களுக்கு கல்ச்சர்னு தெரியுது, நமக்கு சிரிப்பு வருது.

உடனே ஒருத்தர் வருவாரு, அது வெள்ளைக்காரன் ஊரு கல்ச்சர், உனக்கு எதுக்குன்னு. சரி, யாரு ஊருல உக்காந்து கேக்கறீங்க? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு சுத்தி சுத்தி தோலும் ஷூவும் தானே சோறு போடுது. விடியறதுக்கு முன்னாடி ஹைவேல கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கற பொம்பளைங்கள பாத்ததே இல்லையா? அதுல எங்க அம்மாவும் ஒருத்தங்க. 14 வருஷம் ஸ்டிச்சிங்ல இருந்தாங்க, அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், தைக்கற வேலை, இப்ப கண்ணு சரியில்லன்னு நின்னுட்டாங்க.

நான் முதல் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு மெட்ராஸ்ல ஒருத்தர் கிட்ட பழைய ஜோர்டன் 1 வாங்கினு வந்தப்ப, விலைய கேட்டா அடி விழும்னு நினைச்சேன். அம்மா ஷூவ கையில வாங்கி, லேசுக்கு அடியில இருக்கற நாக்க வெளிய இழுத்து, உள்ள விரல விட்டு தையல தடவி பாத்தாங்க. "ஓரம் நல்லா சீவிகீறான்டா, மடிப்பு தடிப்பா நிக்கல, ஆனா குதிகால் கிட்ட தையல் வளைஞ்சுடுச்சு, எங்க சூப்பர்வைசரா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பான்"னாங்க. அன்னிக்கு தான் எனக்கு புரிஞ்சுது, நான் பெட்டிக்குள்ள வச்சு பாக்கறது எங்க அம்மாவோட கைவேலை மாதிரி ஒரு கைவேலைய. இப்ப 11 ஜோடி இருக்கு, ஒவ்வொண்ணும் வீட்டுக்கு வந்ததும் முதல்ல அவங்க கைக்கு தான் போகும்.

காசு திமிருன்னு சொல்றவங்களுக்கு, ஆமா, ரீசேல்ல நாலு மடங்கு வைக்கறவன் இருக்கான், அவன் வியாபாரி, அவன வச்சு எங்கள எடை போடாதீங்க. போடாம பெட்டில வச்சு என்ன பிரயோஜனம்னு கேக்கறவங்களுக்கு, நாங்க போடறோம். பாலியூரிதேன்னு ஒரு நுரைல செஞ்ச மிட்சோல், அதாவது நடு சோல், காத்துல இருக்கற ஈரத்துக்கே வருஷக்கணக்குல பொடிஞ்சு போகும், போடாம வச்சா இன்னும் மோசம்னு எங்கள்ல சின்ன பையனுக்கும் தெரியும். சோல் மாத்த, தோல் பதம் பாக்க, டூப்ளிகேட் கண்டுபிடிக்க ஒருத்தன் கிட்ட இருந்து ஒருத்தன் கத்துக்கறான். இதுக்கு வேற என்ன பேரு வைக்கறது?

தோல் கம்பெனி கழிவால பாலாறு நாசமானது தெரியாதான்னும் கேப்பீங்க. தெரியும், எங்க பாட்டி வீட்டு கிணத்து தண்ணிய குடிக்க முடியாம போனத நான் பாத்தேன், 1996ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன விஷயம். அது முதலாளிங்க கிட்ட கேக்க வேண்டிய கேள்வி, தையல் மிஷின்ல உக்காந்தவங்க கிட்ட இல்ல.

உண்மைய சொல்லட்டுமா, அந்த சிரிப்பு ஹாபிக்காக வந்த சிரிப்பு இல்ல. ஒருத்தர் பட்டுப்புடவை சேத்தா ரசனை, வாட்ச் சேத்தா ரசனை, பழைய பாத்திரம் சேத்தா பாரம்பரியம். காலுக்கு போடறத சேத்தா மட்டும் சிரிப்பு. அவரு ஷூன்னு கூட சொல்லல, அந்த வார்த்தைய அழுத்தி செருப்புன்னு சொன்னாரு, எல்லாருக்கும் புரிஞ்சுது, சிரிச்சாங்க. ஸ்கூல்ல எங்க அம்மா டிஃபன் பாக்ஸ் குடுக்க வந்தப்ப தோல் வாடைன்னு மூக்க பொத்துன பசங்களும் இதே மாதிரி தான் சிரிச்சாங்க. அன்னிக்கு நான் அவங்கள கேட்டுக்கு வெளியவே நில்லுன்னு சொன்னேன். ஏழாவது படிக்கறப்போ. அவங்க ஒண்ணும் சொல்லாம நின்னாங்க.

வீடியோவ அம்மாவும் பாத்துட்டாங்க. சாப்பிட்டுக்கினே, "ஏன்டா, அவரு எங்க தையல பாத்திருப்பாரா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கு என்னை கூப்பிட்டா அவங்களையும் கூட்டினு வரேன். அந்த ஜோர்டன் 1ம் வரும். மைக்க அவங்க கையில குடுங்க.