சத்தமாகச் சொன்னால் தமிழ் புரிந்துவிடாது

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூடவே இருந்தேன். பக்கத்துப் படுக்கையில் கால் முறிந்த ஒரு பையன். இருபது வயது இருக்கும், ஜார்கண்ட். வீட்டில் பேசுவது சந்தாலி, இந்தி ஓரளவு தெரியும். தமிழ் சுத்தமாகத் தெரியாது.

முதல் நாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கூட்டிவந்த மேஸ்திரிதான் அவனுக்காகப் பேசினார். “பைக்ல இருந்து விழுந்துட்டான் சார்.” கேஸ் ஷீட்டில் அதுவே ஏறியது. சாயங்காலம் என் அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். விழுந்தது பைக்கிலிருந்து இல்லை, இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து. தலையும் இடித்திருக்கிறது, அன்றைக்கு இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான். டியூட்டி டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளை, தலையில் ஒன்றுமில்லை. இருந்திருந்தால்?

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, “பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது” என்று நர்ஸ் சொன்னார். அவன் தலையாட்டினான். அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். இவன் இன்னும் வேகமாகத் தலையாட்டினான். காலையில் நான் கண்விழித்தபோது டீயில் பன்னைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அந்தச் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது. “இந்த வடக்கனுங்களோட இதே ரோதனை” என்று வார்டில் யாரோ சொன்னார்கள். அவன் கைநாட்டு வைத்த ஒப்புதல் படிவம் முழுக்கத் தமிழில் இருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை.

நான் அந்த நர்ஸைக் குறை சொல்லவே மாட்டேன். ராத்திரி முழுக்க அத்தனை படுக்கைக்கும் அவர் ஒருத்தர்தான். அவர் கையில் நிர்வாகம் எதையும் கொடுக்கவில்லை, அதுதான் என் கோபம்.

“வைத்தியம் நல்லா பார்த்தா போதும், மொழி, பழக்கவழக்கம் எல்லாம் அப்புறம்” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அவர்கள் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவித்த தங்கள் மனைவிக்காக, அங்கிருந்த அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடரைத் தேடி வந்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. அப்பா டாக்டர், ஆனால் ஆண். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். வைத்தியம் பக்கத்திலேயே இருந்தது, அந்தப் பெண்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த மக்களைத் திட்டிவிட்டு ஐடா சும்மா இருக்கவில்லை. தானே மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் திரும்பி வந்தார், 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்து இருக்கிறது. நோயாளியை நம்பி வாழ்கிற லாட்ஜ்காரருக்குப் புரிந்தது நம் ஆஸ்பத்திரிகளுக்கு ஏன் புரியவில்லை?

மொழி மட்டுமில்லை. சர்க்கரை நோயுள்ள ஒரு பாயிடம் “நோன்பு வைக்காதீங்க” என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பினால், பலர் நோன்பும் வைப்பார்கள், மாத்திரையையும் இஷ்டத்துக்குக் குறைப்பார்கள், டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். ரமலானுக்கு முன்பே கூப்பிட்டு, யாருக்கு ஆபத்து, யாருக்கு மருந்தை சஹருக்கும் (விடியலுக்கு முந்தின சாப்பாடு) இஃப்தாருக்கும் மாற்றித் தரலாம் என்று பார்க்க உலக அளவில் வழிகாட்டுதலே இருக்கிறது. திருநங்கைகளைப் பற்றி என்ன சொல்ல? 2008-லேயே அவர்களுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. ஆனால் ஒரு திருநங்கை காய்ச்சலோடு வந்தால் ஆண் வார்டா பெண் வார்டா என்று அவர் முன்னாலேயே விவாதம் நடக்கிறது. அவரையே கேட்டால் முடிந்தது.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. செய்ய முடியாத காரியமா? 104-க்கு போன் போட்டால் மருத்துவ ஆலோசனை கிடைக்கிற ஊர் இது. அதேபோல வார்டிலிருந்து கூப்பிட ஒரு மொழிபெயர்ப்பு எண், இந்தி, வங்காளம், ஒடியாவில் ஒப்புதல் படிவம், இதைக் கேட்கிறேன். விபத்தில் அடிபட்டவனுக்கு அவனை வேலைக்கு வைத்தவரே வாயாக இருக்கக் கூடாது. இதை எழுதிப்போட்ட விதியாகவே கொண்டுவர வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அதே நர்ஸ் என்னிடம் வந்தார். “சாப்பிடக் கூடாதுன்னு இந்தில எப்படிங்க சொல்றது?” சொன்னேன். “குச் நஹீ கானா” என்று தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். “தண்ணி?” என்றார். அதையும் சொன்னேன். பையன் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அவர் உச்சரிப்பை அவன்தான் திருத்தினான்.