வெள்ளைக் குடைக்குக் கீழே இருப்பவர்

நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு வட்ட ஓவியம் இருக்கிறது. 14 மீட்டர் உயரம், சுற்றளவு கிட்டத்தட்ட 120 மீட்டர். நடுமேடையில் ஏறி நின்றால் ஸ்கேவெனிங்கன் கடற்கரை நம்மைச் சுற்றி விரியும். 1881-ல் முடித்தார்கள். தலைமையேற்று வரைந்த மெஸ்டாக்கின் பெயரால் அது 'பனோரமா மெஸ்டாக்'. அந்த மணலில் ஒரு வெள்ளைக் குடை, அதன் கீழ் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஒரு பெண். உற்றுப் பார்த்தால்தான் கண்ணில் படுவார். சீன்ட்யே மெஸ்டாக்-வான் ஹௌட்டன்.

'மெஸ்டாக்கின் மனைவி' என்று ஒரு வரியில் இவரைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த வட்ட ஓவியத்தில் வேலை செய்த ஓவியர்களில் இவரும் ஒருவர்.

கணவர் ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் வங்கி வேலையில் இருந்தவர். 35 வயதில் அதை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தார். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்தது சீன்ட்யேவின் அப்பா விட்டுச்சென்ற சொத்து. இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்வது எப்படிச் சரியாகும்?

1871-ல் இவர்களுடைய ஒரே மகன் எட்டு வயதில் இறந்துபோனான். சீன்ட்யேவுக்கு அப்போது 36 வயது. முழுமூச்சாகத் தூரிகையை எடுத்தது அதற்குப் பிறகுதான். உடனே 'துக்கத்தை மறக்க வரைந்தார்' என்று எழுதிவிடுகிறார்கள். தொடங்கி வைத்தது துக்கமாகவே இருக்கட்டும். 1909-ல் சாகும்வரை ஒருவர் செய்த வேலை முழுவதற்கும் அதுவே காரணம் என்றால், அவர் கற்றுக்கொண்ட தொழிலுக்கு என்ன மதிப்பு?

கணவருக்குக் கடல் என்றால் இவருக்குப் பொட்டல்வெளி. நெதர்லாந்தின் டிரென்தே மாகாணத்துத் தரிசுகள், தனிமரங்கள், ஆட்டுப்பட்டிகள். அந்தப் பட்டிகளின் வைக்கோல் கூரை தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கும். கூரைக்கும் மண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பு நிறம். எங்கே கூரை முடிகிறது, எங்கே நிலம் தொடங்குகிறது என்று தேட வேண்டும். மேலே வானம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வைத்திருக்கும். அழகான இடத்தைத் தேடிப்போய் வரைவது எளிது. யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தின் முன் உட்கார்ந்து, நம்மையும் உட்கார வைக்கிறாரே, அதனால்தான் எனக்கு இவரைப் பிடிக்கும்.

பனோரமாவைப் பார்க்க நேர்ந்தால் முதலில் அந்தக் குடையைத் தேடுங்கள். அப்புறம் கடலுக்கு முதுகைக் காட்டி ஊர்ப்பக்கம் திரும்புங்கள். அந்த ஊரை வரைந்தவர்களில் ஒருவர் சீன்ட்யே.